அந்தக் காருக்கு மூன்று சாவிகள்

ஒரு காருக்கு எத்தனை சாவிகள் இருக்கின்றன என்பது அந்தக் காருக்குத் தெரியும். வைத்திருப்பவருக்குத்தான் பெரும்பாலும் தெரியாது. ஹட்டனில் சாவிக் கடையில் வேலை செய்த காலம் முழுவதும் இந்த விஷயத்தை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். சிலர் சிரித்தார்கள். சிலர் முகம் மாறி, வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும், கடையில் இப்போது வேலை செய்கிற சுமதி ஏதாவது சிக்கல் வந்தால் எனக்குப் போன் பண்ணுவாள். போன மாதமும் பண்ணினாள். ஒருவர் வந்து, தன் மனைவியிடம் இருக்கும் சாவி இனிமேல் வேலை செய்யக்கூடாது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாராம். கார் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதாம்.

"இப்ப மெசின்ல ரெண்டு தட்டு தட்டுனா முடிஞ்சிரும்க்கா. செய்யலாமா வேணாமான்னுதான் தெரியல" என்றாள்.

அந்த அம்மாவையும் கூட்டி வரச் சொல் என்றேன். அவர் வரமாட்டாராம் என்றாள். அப்படியானால் மெசினை மூடி வை என்றேன். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. ஆற அமர எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது.

நான் டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். பெயர் புஷ்பம். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் எங்கள் மாதா கோயில் ஃபாதர் நடத்திய வகுப்பில் டைப்பிங்கும் கொஞ்சம் கம்ப்யூட்டரும் படித்தேன். தொண்ணூறுகளின் நடுவில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்த சாவிக் கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பூட்டு விற்கவும் பற்றுச்சீட்டு எழுதவும்தான் எடுத்தார்கள். நாளடைவில் சாவி வெட்டவும் பழகிக்கொண்டேன். பெண்பிள்ளை சாவி வெட்டுகிறாள் என்று முதலில் வேடிக்கை பார்த்தவர்கள், பிறகு என்னிடமே நேராக வந்தார்கள்.

முதலாளியின் பெயர் குணபால. கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர். எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குப் போவார், அதுவும் அரிது.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் ஒரு தோட்டத்துத் துரையின் ஜீப்புக்கு மறுசாவி கேட்டு டிரைவர் வந்தார். முதலாளியே வெட்டினார். கதவு திறந்தது. ஸ்டியரிங் விடுபட்டது. எஞ்சின் பிடித்த வேகத்திலேயே அணைந்தது. மறுபடி வெட்டினார். அதே கதை. பழைய சாவியையும் புதிய சாவியையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். பல்லுக்குப் பல் ஒன்றாகவே இருந்தது. மூன்றாவது முறை முயன்றபோது டிரைவர் தற்செயலாகப் பழைய சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கையைச் சாவித் துவாரத்தின் பக்கத்தில் ஊன்றியிருந்தார். எஞ்சின் நிற்காமல் ஓடியது. கையை எடுத்தால் அடுத்த முறை அணைந்தது. முதலாளி அந்தப் பழைய சாவியின் கறுப்புத் தலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ள ஒண்ணு இருக்கு புஷ்பா" என்றார். மறுநாள் கொழும்புக்கு ரயில் ஏறினார்.

உள்ளே இருந்தது அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய சிப். அதற்குப் பட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒளித்து வைத்திருக்கும் கம்பிச் சுருள் அதைத் தட்டி எழுப்பிப் பெயர் கேட்கிறது. தெரிந்த பெயர் என்றால் காரின் மூளை எஞ்சினை ஓடவிடும். ரிமோட் பட்டன் வேறு விஷயம். அது கதவைத் திறக்கவும் பூட்டவும் மட்டும். இரண்டும் ஒரே தலைக்குள் குடியிருந்தாலும் ஒன்றின் வேலை மற்றதற்குத் தெரியாது. பட்டன் வேலை செய்கிற சாவியால் எஞ்சின் ஓடவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

பிறகு மெசின் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் செருகியில் அதன் வயரைப் பொருத்தினால், காரின் மூளையோடு பேசலாம். எத்தனை சாவிகளின் பெயர் பதிந்திருக்கிறது என்று சொல்லும். புதியதைச் சேர்க்கும். பழையதை அழிக்கும். அதன் திரையில் எல்லாமே ஆங்கிலத்தில் வந்ததால் அந்த வேலை என் கைக்கு வந்து சேர்ந்தது.

மெசின் என் கையில் இருந்தாலும், வேலையைத் தொடங்கலாமா கூடாதா என்பது முதலாளியின் வாயில் இருந்தது. வருகிறவர் முன்னால் விளிம்பு நீலமான ஒரு தகரத் தட்டை வைப்பார். "எல்லாச் சாவியும் இதுல வைங்க" என்பார். ஒன்று குறைந்தால், அது யாரிடம் இருக்கிறது என்று கேட்பார். எதற்காக இந்த வேலை என்று ஒருபோதும் கேட்கமாட்டார். யாருடைய கார், யாரிடம் சாவி, இவ்வளவுதான் அவருக்குத் தெரியவேண்டும். ஒரு வேனைச் சேர்ந்து வாங்கிய அண்ணன் தம்பியில் தம்பி மட்டும் வந்து, அண்ணன் சாவியை அழிக்கச் சொன்னார். முதலாளி தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். தம்பி திட்டினார். அண்ணனைப் போனில் கூப்பிட்டார். அண்ணனும் வந்து சந்தில் நின்று இரண்டு பேரும் கத்தினார்கள். முதலாளி சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் இரண்டு பேருமாகக் கடையைத் திட்டிக்கொண்டே ஒரே வேனில் போய்விட்டார்கள்.

வெளி வேலைக்கு அவரும் கூட வருவார். அதற்குக் காரணம் உண்டு. நாட்டில் சண்டை நடந்த காலம் அது. ஒருமுறை நான் தனியாகப் போனபோது சோதனைச் சாவடியில் என் பைக்குள் இருந்த வயரையும் ரிமோட் உறைகளையும் கண்டு என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். சாவி என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. பின்னேரம் முதலாளி வந்து, அங்கே நின்ற ஒரு வாகனத்திலேயே மெசினைப் பொருத்திக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அதற்குப் பிறகு நான் மெசினைத் தூக்கினால் அவர் குடையைத் தூக்குவார்.

வாசுகி கடைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

ஹட்டனில் ஒரு வங்கியில் வேலை செய்தவர். அப்பாவை எல்லாரும் சிவஞானம் சேர் என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதிலேயே மலையகத்துக்கு வந்து ஆசிரியராகவும் பிறகு உப அதிபராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியும் ஆசிரியைதான், மனோன்மணி டீச்சர். அவர் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஊர் வீடு சண்டையில் போய்விட்டது. அப்பாவும் மகளும் டிக்கோயாவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு சேர் வாங்கிய வெள்ளை நிற ஜப்பான் கார் ஒன்று வீட்டில் நின்றது. வாசுகிக்கு ஓட்டத் தெரியாது.

வாசுகி முதலில் ஏதோ சந்தேகம் கேட்க வந்தவர் போலப் பேசினார். சாவி இல்லாமல் ஒரு கார் ஓடுமா என்று கேட்டார். ஓடாது என்றேன். அப்போதுதான் மெல்ல மெல்ல முழுவதையும் சொன்னார். அப்பாவுக்கு மறதி. முதலில் பெயர்கள் போயின, பிறகு பாதைகள். ஒருநாள் நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் காரை நிறுத்திவிட்டு, எங்கே வந்தோம் என்று தெரியாமல் நின்றிருக்கிறார். பஸ்காரர்கள் கண்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வாசுகி வீட்டில் இருந்த இரண்டு சாவிகளையும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது கார் வேறு பக்கம் பார்த்து நின்றது. சில்லுகளின் டயரெல்லாம் சேறு. அப்பாவைக் கேட்டால் எங்கேயும் போகவில்லை என்கிறார். அது ஒருமுறை நடந்ததும் இல்லை.

"அப்ப இன்னொரு சாவி இருக்கு" என்றார் முதலாளி.

"வீடு முழுக்கத் தேடிப்போட்டன். இல்லை" என்றார் வாசுகி. "அது எதெண்டாலும் பரவாயில்லை. எல்லாத்தையும் வேலை செய்யாமல் பண்ணிப்போடுங்கோ. அப்பாவை நான் ஒருநாள் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறன். அந்த நேரம் வந்து செய்யுங்கோ. கார் பழுதாப் போச்சு, ஜப்பானிலயிருந்து சாமான் வரவேணும் எண்டு நான் சொல்லிக்கொள்ளுறன்."

தொழில்முறையில் பார்த்தால் அதில் சிரமம் ஒன்றும் இல்லை. கையில் சாவி இல்லாவிட்டாலும் அதன் பெயரை அழிக்கலாம். தொலைந்துபோன சாவிகளுக்கு அப்படித்தான் செய்வோம். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தட்டை எடுக்கவில்லை. கார் யார் பெயரில் என்று கேட்டார். அப்பா பெயரில் என்றார் வாசுகி. அப்படியானால் அவரைக் கேட்காமல் செய்யமுடியாது என்றார் முதலாளி.

வாசுகியின் குரல் தடித்தது. "நாளைக்கு அவர் ஆரையாவது அடிச்சுப்போட்டால் ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசுகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அவர் கேட்டது நியாயம். எனக்கே முதலாளி மீது எரிச்சல் வந்தது. காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற பாதை அது. அண்ணன் தம்பிச் சண்டையும் இதுவும் ஒன்றா?

முதலாளி வெளியே மழையைப் பார்த்தார். பிறகு ஷட்டரை இழுக்கிற கொக்கியை எடுத்தார். "மெசின எடு புஷ்பா. இப்பவே போறோம்" என்றார்.

நாங்கள் போனபோது சிவஞானம் சேர் முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சீவிய தலை, நேரான முதுகு. மறதிக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எழுந்து நின்று எங்களை வரவேற்றார். முதலாளியோடு நல்ல சிங்களத்தில் மழையைப் பற்றிப் பேசினார். மகளிடம் தேத்தண்ணீர் போடச் சொன்னார். என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்து, "என்ன பிள்ளை, காரில ஏதும் பிழையோ?" என்று கேட்டார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினார். அவ்வளவு காலத்தில் அவருக்குத் தமிழ் வராமல் போனதை அன்றுதான் கண்டேன். என்னைப் பார்த்தார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க" என்றேன். "நீங்க கார் ஓட்டுறது பயமா இருக்குன்னு ஒங்க மக சொல்றாங்க. சாவிய நிப்பாட்டித் தரச் சொல்லிக் கேட்டாங்க. ஒங்களக் கேக்காம செய்யமாட்டோம்னுதான் நாங்க வந்தோம்."

சேரின் முகம் சிவந்தது. வாசுகி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேர் மகளைப் பார்க்கவே இல்லை. எழுந்தார். உள்ளே போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கையில் ஒரு சாவியோடு வந்தார்.

"வாங்கோ. எல்லாரும் ஏறுங்கோ. பாலம் வரைக்கும் போய்த் திரும்புவம். அதுக்குப் பிறகு சொல்லுங்கோ எனக்கு ஓடத் தெரியுமோ தெரியாதோ எண்டு."

முதலாளி முன்னால் ஏறினார். நானும் வாசுகியும் பின்னால். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படி ஓட்டுகிறவரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மூடுபனி இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டார். வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தார். ஏறி வருகிற பஸ்ஸுக்காக ஓரம் ஒதுங்கி நின்று, போனதும் கை காட்டினார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இராமல் கியரைக் குறைத்து இறக்கினார். ஓரிடத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாதையைக் கடந்தார்கள். கடைசிப் பெண் கடந்து முடியும்வரை காத்திருந்தார். முதலாளி ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் அதே எண்ணம்தான். இந்த மகள் தேவையில்லாமல் பயப்படுகிறாளோ என்று நினைத்தேன்.

பாலத்துக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது. சேர் சிக்னல் போட்டு, மேலே ஏறுகிற ஒரு சின்னப் பாதையில் திருப்பினார். வாசுகியின் பிடி இறுகியது. பள்ளிக்கூடம் ஒன்றைத் தாண்டி, ஆசிரியர் விடுதி வீடுகளில் ஒன்றின் முன்னால் கார் நின்றது. ஹாண்ட் பிரேக் போட்டார். கியர் மாட்டினார். முன் சில்லுகளை மண் திட்டுப் பக்கம் திருப்பினார். சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

நேராகப் போய், அந்த வீட்டுக் கதவின் பூட்டில் கார்ச் சாவியை நுழைத்தார்.

நுழையவில்லை. குனிந்து பார்த்தார். சாவியைச் சட்டையில் துடைத்துத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அவரிடம் பதற்றம் இல்லை. மழைநாளில் பூட்டு இறுகிப் போவது வழக்கம்தானே என்பதுபோலப் பொறுமையாகத் திரும்பத் திரும்ப முயன்றார். காருக்குள் நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை.

"எங்கட பழைய குவாட்டர்ஸ்" என்றார் வாசுகி. "நான் பிறந்தது இஞ்சைதான்."

கதவு உள்ளிருந்து திறந்தது. ஒரு இளம் ஆசிரியையின் வீடு அது என்று பிறகு தெரிந்தது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற அந்தப் பெண் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"வாங்க சேர். மழையில நனையாதீங்க. டீ ஊத்தவா?" என்றார்.

சேர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். உள்ளே தெரிந்த நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். அவருடைய முதுகு அதுவரை நேராக இருந்தது. மெதுவாகத் தளர்ந்ததை நான் காருக்குள் இருந்தே கண்டேன்.

"தங்கச்சி, நான் முந்தியும் வந்தனானோ?"

"வருவீங்க சேர். அதுனால என்ன. ஒங்க வீடுதானே."

வாசுகி இறங்கி ஓடினார். அந்த ஆசிரியை அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. சேர் அடிக்கடி வருவாராம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்து போய்விடுவாராம். வீட்டில் சொன்னால் சேருக்கு அவமானமாகிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

சேர் காருக்குத் திரும்பி வந்தார். ஓட்டுநர் பக்கம் போகவில்லை. முதலாளி இருந்த பக்கத்துக் கதவருகே வந்து நின்றார். முதலாளி இறங்கி இடம் கொடுத்தார். சாவியை வாங்கிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினார். முதலாளியே ஓட்டி எங்களை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்.

வீட்டில் நான் மெசினைப் பொருத்தினேன். திரையில் மூன்று என்று வந்தது. வாசுகி தன் கைப்பையிலிருந்து இரண்டை எடுத்தார். முதலாளியின் கையில் ஒன்று. மூன்றும் வந்துவிட்டன. சேர் தானே அவற்றை வாங்கி, காரின் முன் தட்டில் வரிசையாக வைத்தார்.

அழிக்கும் வேலையில் ஒரு கட்டாயக் காத்திருப்பு உண்டு. திருடர்கள் அவசரத்தில் செய்துவிடக்கூடாது என்பதற்காகக் காரின் மூளை நம்மைக் கொஞ்ச நேரம் காக்க வைக்கும். அந்த நேரத்தில் கதவைத் திறக்கக்கூடாது. எதையும் தொடக்கூடாது. திறந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தேன். சேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதலாளியும் வாசுகியும் வெளியே தாழ்வாரத்தில் நின்றார்கள். கண்ணாடியில் மழை வழிந்தது. சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

சேர் மூன்றாவது சாவியைக் காட்டி, "இது மனோவின்ர" என்றார். "கண்டியில போய்ச் செய்விச்சவ. அவவுக்குக் கார் ஓடத் தெரியாது. நான் சாவியை எங்கையாவது வைச்சுப்போட்டுத் தேடிக்கொண்டு நிப்பன். அவ ஒண்டும் பேசமாட்டா. தன்ர ஹாண்ட்பாக்கைத் திறந்து இதை எடுத்துத் தருவா. கடையடியில, கலியாண வீட்டில, எங்கையும். ஒருத்தருக்கும் தெரியாது."

மழை வழிகிற கண்ணாடியைப் பார்த்தபடி, "அவவுக்கு அப்பவே விளங்கியிருக்கு" என்றார்.

அந்தக் கைப்பை இன்னும் அலுமாரியில்தான் தொங்குகிறது என்றார். வாசுகி வீடு முழுவதும் தேடியிருக்கிறார். அம்மாவின் கைப்பையை மட்டும் திறக்க மனம் வரவில்லை. அதைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

மெசின் சத்தமிட்டது. துவாரத்தில் இருக்கும் சாவியைத் தவிர மற்ற எல்லாம் அழிக்கப்படும், உறுதிதானா என்று கேட்டது. துவாரத்தில் நான் எந்தச் சாவியைப் போடவேண்டும் என்று சேரைக் கேட்டேன்.

"மனோவின்ரையைப் போடுங்கோ. அதை அழிக்கவேண்டாம். மகளின்ர கையில இருந்த ரெண்டில ஒண்டை அவவுக்கு அதுக்குப் பிறகு சேர்த்துவிடுங்கோ. மற்றது என்ர, அதை எடுத்துப்போடுங்கோ."

போட்டேன். சேர் திரையை எட்டிப் பார்த்து, வகுப்பில் வாசிப்பதுபோல அந்த ஆங்கில வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். "நானே அமத்தட்டோ?" என்று கேட்டார். எந்தப் பட்டன் என்று காட்டினேன். அமத்தினார்.

பிறகு வாசுகிக்கான சாவியைத் திரும்பச் சேர்த்தேன். வேலை சரியா என்று பார்க்காமல் நாங்கள் ஒருபோதும் கிளம்பமாட்டோம். அவருடைய சாவியைப் போட்டுத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது, அணைந்தது. மறுபடி திருப்பினேன். அப்படியே. சேர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். "வேலை சரி பிள்ளை" என்றார்.

அழித்த சாவியை என்ன செய்வது என்று முதலாளியைக் கேட்டேன். அவர் அதை வாங்கி, பட்டனை அமத்திப் பார்த்தார். கதவு பூட்டியது, திறந்தது. "கதவும் ரேடியோவும் வேலை செய்யும் சேர். ஒங்க கார், ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி அவர் கையில் கொடுத்தார். சேர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

திரும்பும் வழியில் முதலாளியிடம் கேட்டேன். சேர் முடியாது என்று பிடிவாதமாக நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன். தெரியாது என்றார். மறுநாளும் கேட்கப் போயிருப்போம் என்றும் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து வாசுகி கடைக்கு வந்தார். அப்பா அன்று நடந்ததை மறந்துவிட்டார் என்றார். காலையில் காருக்குள் போய் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறாராம். பிறகு சாவியைத் திருப்புவாராம். எஞ்சின் அணைந்ததும் வந்து, கார் பழுது என்று முறையிடுவாராம்.

"நான் ஒவ்வொரு தரமும் சொல்லுவன், 'இல்லையப்பா, நீங்கதான் சாவியை நிப்பாட்டினனீங்கள். நீங்களே பட்டனை அமத்தினனீங்கள்' எண்டு. 'நானோ?' எண்டு கேப்பார். 'ஓம் அப்பா' எண்டு சொன்னால் கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு, 'அப்ப அது சரியாத்தான் இருக்கும்' எண்டு சொல்லிப்போட்டு இறங்கிவிடுவார்."

முதலாளியின் பக்கம் திரும்பி, "அண்டைக்கு நீங்கள் நான் கேட்டமாதிரிச் செய்து தந்திருந்தால், நான் அவருக்கு ஒவ்வொரு நாளும் பொய் சொல்லவேணும்" என்றார். முதலாளி வெட்டு மெசினில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளை ஊதிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

சுமதி, உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். மெசின் மாறும். இப்போது சாவியைத் துவாரத்தில் போடவே தேவையில்லாத கார்கள் வந்துவிட்டன. சட்டைப் பையில் இருந்தாலே போதும். ஆனால் யாருடைய சாவியாக இருந்தாலும் அது நிற்கப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதற்காக ஷட்டரை இழுத்து மூடிவிட்டு மழையில் போகவேண்டி வந்தால், போ.

சேர் சாவியை நிறுத்திய அந்த வருடக் கடைசியில் ஒரு பின்னேரம். எங்கள் சந்து முனையில், பஸ் நிலையத்துக்கு ஏறுகிற மேட்டில் பெரிய ஹோர்ன் சத்தம். எட்டிப் பார்த்தேன். எல் பலகை மாட்டிய வெள்ளைக் கார் ஒன்று நடு மேட்டில் நின்றுபோயிருந்தது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் கொழுந்து லொறி. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப்போய் இருந்தது வாசுகி. ஓட்டக் கற்றுக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் சிவஞானம் சேர். ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்தது.

நான் கிட்டப் போனேன். சேர் என்னைப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை. மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

"அவசரப்படாதை" என்றார். "ஹாண்ட் பிரேக்கை இறுக்கிப் பிடி. முதலாம் கியர். இப்ப கிளச்சை மெல்ல விடு. கார் முன்னுக்கு இழுக்கிறமாதிரி இருக்கும். இழுக்குதோ?"

"இழுக்குது அப்பா."

"இப்ப பிரேக்கை விடு."

கார் ஒரு சாண்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது. பஸ்காரன் இன்னமும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். சேர் ஜன்னலுக்கு வெளியே இடது கையை நீட்டி, உள்ளங்கையைப் பின்பக்கமாக விரித்து, கொஞ்சம் பொறு என்று அவனுக்குக் காட்டினார்.